வியாழக்கிழமை வித்த முதல் பெட்டி

தம்பி,

போன ஞாயிறு போனில் கதைக்கேக்கை, "மாமிக்கு உந்த வியாபாரம் எல்லாம் தண்ணி பட்ட பாடு அம்மா" எண்டு நீ சொன்னாய். நான் "ஓம், அப்பிடியோ" எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டன். அண்டையிலிருந்து எனக்குச் சோறு இறங்கேல்லை. நீ மூண்டு ஞாயிறு தொடர்ந்து விட்பிக்குப் போய், சறோ மாமியின்ரை குசினி மேசையில் கொப்பியோடை இருந்து, கடையை எப்பிடித் திறக்கிறது, எத்தினை மெசின் எடுக்கிறது, முதல் நாள் ஆருக்கு முதல் குடுக்கிறது எண்டெல்லாம் கேட்டு எழுதினதைச் சின்னவள்தான் எனக்குச் சொன்னவள். "அப்பா மாமி சொல்றதை ஹோம்வேர்க் மாதிரி எழுதுறார் அப்பம்மா" எண்டு சிரிச்சாள். நானும் சிரிச்சன். உன்ரை வீட்டில் இருந்து என்ரை வீடு காரில் பன்ரண்டு நிமிசம். விட்பி அதைப்போல மூண்டு மடங்கு தூரம். பனிக்குள்ளையும் ஓடிப் போயிருக்கிறாய்.

நல்ல வேலையை விட்டிட்டு, மாமியின்ரை மகள் துஷாவோடை பங்கு சேர்ந்து, கையில் வைச்சு விளையாடுற கேம் மெசினுக்கெண்டே விட்பியில் ஒரு கடை திறக்கப் போறாய். வாற மாதம் புது மெசின் வெளிவாற வெள்ளிக்கிழமைதான் உங்கடை கடைக்கும் முதல் நாள். பங்குக் கையெழுத்து வாற புதன்கிழமை. அதுக்கு முதல் இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் வாசி. போனில் சொன்னால் நீ இடையில் மறிப்பாய், நான் கோபத்தில் வேறை எங்கையோ போயிடுவன். எழுதினால் சொன்னது சொன்னபடி கிடக்கும்.

சறோ கொப்பாவின்ரை தங்கச்சி எண்டது உனக்குத் தெரியும். என்னைவிட மூண்டு வயது இளையவ. எங்கடை கலியாணம் முடிஞ்சு நாலாம் சடங்குக்கு அவையின்ரை வீட்டை போன இடத்தில், கதவுக்கு அங்காலை நிண்டு ஆரிட்டையோ, "அண்ணைக்கு எடுத்த பொம்பிளை அஞ்சாம் வகுப்பாம்" எண்டு சொன்னவ. அது உனக்குத் தெரியாது. நான் கையில் பலகாரத் தட்டோடை நிண்டு கேட்டனான். அவ சொன்னது பொய் இல்லை. பொய்யெண்டால் எப்பவோ மறந்திருப்பன்.

நாங்கள் கேம் விக்கவெண்டு கடை போடேல்லை. மில்லிக்கன் பக்கத்துப் பிளாசாவுக்குள்ளை, கண்ணாடித் தடுப்புப் போட்ட சின்னச் சின்னக் கடையள் வரிசையாக் கிடந்த இடத்தில், ஊருக்குக் கதைக்கிற ரெலிபோன் காட் வித்தம். காட் வாங்க வந்த சனம் விலையைக் கேட்டு, மற்றக் கடையிலும் கேட்டு, திரும்பி வந்து வாங்கும். அதுக்குள்ளை அவையின்ரை பிள்ளையள் அலுத்துப்போய் அழத் தொடங்குங்கள். அதுகளைச் சமாளிக்கக் கொப்பா பழைய கேம் மெசின் ஒண்டைக் கவுண்டரில் நூல் போட்டுக் கட்டி வைச்சார். கொஞ்ச நாளில் காட் வாங்க வந்தவையைவிட அந்த நூலைப் பிடிக்க வந்த பிள்ளையள் கூட. கொப்பா அப்பதான் மெசின் எடுத்து விக்கத் தொடங்கினவர். அது ஓடுறதைப் பாத்திட்டுத்தான் சறோ எங்களுக்கு நேர் எதிர்க் கடையை எடுத்தவ. "ரெண்டு கடை இருந்தால்தான் அண்ணை சனம் தேடி வரும்" எண்டு சொன்னவ. கொப்பா தலையாட்டினார். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை.

எனக்கு இங்கிலீசு வாசிக்க வராது. மெசினைப் பெட்டியின்ரை நிறத்தாலையும் படத்தாலையும் பிடிச்சு வைச்சன். ஆனால் ஆர் வந்தவை, எதைத் தூக்கிப் பாத்தவை, எதைத் திருப்பி வைச்சவை எண்டது எனக்குப் பிழைக்காது. பச்சைக் குளிர்ச் சட்டை போட்ட பெடியன் போன கிழமை எந்தக் கேமைக் கேட்டவன் எண்டு கொப்பா என்னட்டைத்தான் கேப்பார். சறோ எல்லாத்தையும் கொப்பியில் எழுதினவ. நீ இப்ப அவவுக்கு முன்னாலை கொப்பி பிடிச்சுக்கொண்டு இருக்கிறது எனக்கு ஏன் குத்துது எண்டு இப்ப விளங்குமெண்டு நினைக்கிறன்.

நீ மத்திய பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கின காலத்தில், ஒரே குளிர்காலத்துக்குள்ளை ரெண்டு கொம்பனி ரெண்டு மெசினை இறக்கினது. ஒண்டு புத்தகம் மாதிரி மடக்கிறது, உள்ளுக்கு ரெண்டு திரை, பாக்க விளையாட்டுச் சாமான் போலை. மற்றது கறுப்பு, மினுங்கல், பெரிய திரை, தியேட்டரில் படம் பாக்கிற மாதிரி. விலையும் கூடுதல். நான் மினுங்கலுக்கு விழுந்திட்டன். எங்கடை கண்ணாடியில் சாஞ்சு நிண்டு கதைக்கிற பெரிய பெடியள் எல்லாரும் அதைத்தான் கதைச்சாங்கள். கொப்பா பாதி பாதி எடுப்பம் எண்டு சொன்னவர். நான்தான் விடேல்லை. சறோ மடக்கிற மெசினை எடுக்கிறா எண்டு கேள்விப்பட்டதாலையும் நான் மற்றதை எடுத்தன். அதையும் ஒளிக்காமல் எழுதுறன்.

பெரிய பெடியனிட்டை கதை இருந்தது, காசு இருக்கேல்லை. காசு தாயின்ரை கைப்பைக்குள்ளை இருந்தது. தாய் வந்து கேட்டது ரெண்டு மூண்டு விசயம்தான். விழுந்தால் உடையுமோ, சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்கும், தங்கச்சியும் விளையாடலாமோ. சறோ வாய் திறந்து மறுமொழி சொல்லமாட்டா. மெசினை மடக்கி, முழங்கால் உயரத்தில் இருந்து நிலத்தில் விட்டுக் காட்டுவா. பேந்து எடுத்துத் திறந்து, அந்தச் சின்னப் பேனையை ஆகச் சின்னப் பிள்ளையின்ரை கையில் குடுப்பா. தாய் பையைத் திறப்பா. நான் எதிர்ப்பக்கத்தில் நிண்டு மினுங்கலில் விழுந்த விரல் அடையாளத்தைத் துணியால் துடைச்சுக்கொண்டு இருப்பன்.

"மச்சாள், உங்கடை மெசினைப் பாத்துப் பொட்டு வைக்கலாம் போலை" எண்டு நடைபாதைக்கு அங்காலை நிண்டு சொல்லுவா.

"உன்ரையைப் பாத்தால் பென்சில் பெட்டி போலை கிடக்கு சறோ."

"பென்சில் பெட்டிதான் மச்சாள். எல்லாப் பிள்ளையிட்டையும் ஒண்டு இருக்கே."

பக்கத்தில் நகத்துக்குப் பூச்சுப் பூசுற கடைக்காரப் பெட்டைக்குத் தமிழ் தெரியாது. அவளும் சேர்ந்து சிரிச்சவள்.

அந்தக் குளிர்காலம் எனக்குப் படிப்பிச்சதை நீ கொப்பியில் எழுதாட்டிலும் மனதில் வை. மெசினைப் பற்றிக் கனக்கக் கதைக்கிறவனைப் பாத்துச் சாமான் எடுக்காதை. பேசாமல் நிண்டு பிள்ளையின்ரை கையைப் பாக்கிற தாயைப் பாத்து எடு. இப்பவும் அதே கதைதான். கொம்பியூட்டரைச் சுருக்கிக் கையில் தாற மாதிரி எத்தினையோ கொம்பனி மெசின் இறக்குது. ஒண்டைவிட ஒண்டு திறம், ஒண்டைவிட ஒண்டு விலை. அதை வாங்கிறவன் எல்லாத்தையும் வாசிச்சறிஞ்சு வீட்டில் இருந்தே எடுப்பிப்பான். உன்ரை கடைக்குப் பாத்திட்டுப் போகத்தான் வருவான். அவனுக்கு ஒண்டு ரெண்டு வை. பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாளுக்கு வாங்க வாற கிழவனுக்குத்தான் கடை வேணும்.

மாமியின்ரை திட்டமெண்டு நீ அண்டைக்குப் போனில் எனக்கு வாசிச்சுக் காட்டினதில் ரெண்டு பிழை கிடக்கு. முதல் நாளுக்கு வாற ஓடர் எல்லாத்தையும் எழுது எண்டு சொல்லியிருக்கிறா. எழுதாதை. புது மெசின் வரேக்கை கொம்பனி பெரிய கடையளுக்குக் குடுத்து மிஞ்சினதைத்தான் உன்னைப் போலை சின்னக் கடைக்குத் தரும். அது எத்தினை எண்டு கடைசிக் கிழமை வரைக்கும் உனக்குத் தெரியாது. பேர் எழுதின பிள்ளைக்கு முதல் நாள் மெசின் இல்லையெண்டால், அந்தப் பிள்ளையின்ரை தாய் அதுக்குப் பிறகு உன்ரை கடை வாசல் மிதிக்கமாட்டா. எனக்குத் தெரியும், நாலு தாய்மாரை நான் அப்பிடி இழந்தனான். நாலு பேரின்ரை முகமும் இப்பவும் சொல்லுவன். மற்றது, விலை விழுமட்டும் பொறுக்கலாம் எண்டு சொல்லியிருக்கிறா. அவ அந்த ஒருக்காலை வைச்சுச் சொல்லுறா. கண்ணாடி போடாமலே உருவம் எழும்பி நிக்கிற மெசின் வந்ததே, அது முதல் நாள் விலை கூடி, சனம் தொடேல்லை. அரை வருசம் ஆகமுதல் கொம்பனி விலையைக் கொட்டிச்சுது. முதல் வாங்கினவை என்ரை கவுண்டரில் வந்து நிண்டு கத்தினவை. கொம்பனி அவையை ஆத்தப் பழைய கேம் கொஞ்சத்தைச் சும்மா குடுத்தது. சறோ அதைக் கேள்விப்பட்டவ. நான் அந்தக் கத்தலை வாங்கினனான். இப்ப வாற மெசினுக்கு விலை விழுமெண்டு நினைச்சுக் குந்திக்கொண்டு இருந்தால் ஏறியும் போகலாம். பொறுக்காதை. பழைய மெசினைக் கொண்டுவா, கழிச்சுத் தாறன் எண்டு சொல்லு. பெரிய கடை அதுக்கு ஒண்டும் குடுக்காது. நீ திருத்தத் தெரிஞ்சவன், பழசைத் திருத்தி விக்கலாம். புது மெசின் வாங்க ஏலாத தாய்க்கு அது போகும்.

இதுவரைக்கும் முதல் ஒரு நாளும், மிச்சம் அடுத்த நாளுமா எழுதினன். திருப்பி வாசிக்கேக்கை, உன்னைச் சறோவிட்டை இருந்து பிரிக்கத்தான் எழுதியிருக்கிறன் எண்டு எனக்கே தெரியுது. ஓம், அதுக்குத்தான் பேனையை எடுத்தனான். நான் எழுதவேண்டியது வேறை. அதை இனித்தான் எழுதப் போறன்.

போன ஞாயிறு நீ போனில் இன்னொண்டும் சொன்னனீ. "மாமியின்ரை கடை போனது என்னாலை அம்மா. துஷாவுக்கு இதையாவது நான் செய்யவேணும்." நீ அதை இவ்வளவு காலமும் காவிக்கொண்டு திரியிறாய் எண்டு நான் அறியேல்லை. அறிஞ்சிருக்க வேணும்.

மடக்கிற மெசின் மெல்லிசா, வெள்ளை நிறத்தில் புதுசா வந்த கோடை அது, பள்ளிக்கூடம் இன்னும் விடேல்லை. அதுக்குள்ளை எனக்குப் புத்தி வந்து நானும் அதுக்கு ஓடர் குடுத்திருந்தன். ஆனால் பழைய கணக்கைப் பாத்துக் கொம்பனி சறோவுக்குக் கனக்கவும் எனக்குக் கொஞ்சமும் அனுப்பினது. ரெண்டு பேரின்ரை பெட்டியும் புதன்கிழமையே வந்திட்டுது. வெள்ளிக்கிழமைக்கு முதல் ஒண்டும் வெளியில் போகக்கூடாது எண்டு கண்டிப்பு. ஒரு கடை முந்தினால் மற்றக் கடையள் சண்டைக்கு வரும் எண்டதாலை எல்லா மெசினுக்கும் அந்தச் சட்டம் இருந்தது.

பிளாசா வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் திறக்கும். வெள்ளி பத்தரையில் இருந்து பன்ரண்டு ராகு காலம். புதுச் சாமானை ராகு காலத்தில் முதல் விக்கிறதோ? நான் கொப்பாவைக் கதவை இழுக்க விடேல்லை. "சனம் வந்து நிக்குதப்பா" எண்டு அந்த மனிசன் மூண்டுதரம் சொன்னவர். "நிக்கட்டும், பன்ரண்டுக்குத் திறப்பம், சறோவும் அப்பதான் திறப்பா" எண்டு சொன்னன். சறோ என்னைவிட நேரம் பாக்கிறவ. நகம் வெட்டவும் கலண்டர் பாப்பா. ஆனால் பதினொரு மணி அடிக்கச் சறோ கதவைக் கிறீச்செண்டு தள்ளித் திறந்து, "வாங்கோ பிள்ளையள்" எண்டு கூப்பிட்டா. எங்கடை வாசலில் நிண்ட வரிசை அப்பிடியே திரும்பி அங்காலை போச்சுது. நான் பன்ரண்டுக்குத் திறக்கேக்கை நடைபாதையில் ஒரு தகப்பன்தான் நிண்டவர், அவர் காட் வாங்க வந்தவர்.

அவ கடவுளை விட்டிட்டா எண்டு நினைச்சன். அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோசமும் வந்தது. ஆனால் அண்டைக்குப் பின்னேரம் உன்ரை பள்ளிக்கூடப் பைக்குள்ளை சாப்பாட்டுப் பெட்டியைத் தேட, வெள்ளை மெசின் வந்தது. அதோடை மடிச்ச பில். இங்கிலீசு எழுத்து வாசிக்கத் தெரியாட்டிலும் இலக்கம் எனக்குத் தெரியும். அதில் கிடந்தது வியாழக்கிழமைத் திகதி.

உன்னைக் கேக்க, நீ பயந்து பயந்து சொன்னாய். வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தால் வரேக்கை மாமி உன்னைக் கூப்பிட்டு, கடைக்குள்ளை சாமிப் படத்துக்கு விளக்குக் கொளுத்தி, உன்னட்டை ரெண்டு டொலர்க் குத்திக்காசு ஒண்டை வாங்கிக்கொண்டு, முதல் பெட்டியை உன்ரை கையில் தந்தவ. மிச்சக் காசைத் தானே போட்டுப் பில்லும் எழுதினவ. பில் இல்லாமல் குடுத்தால் அது வியாபாரம் இல்லையாம். நல்ல நேரத்தில் முதல் வியாபாரத்தைச் செய்து முடிச்சால், அடுத்தநாள் ராகு காலத்தில் திறந்தாலும் அது தொடர்ச்சிதானாம், துவக்கம் இல்லையாம். "உன்ரை கைராசிதான் ராசா எங்கடை குடும்பத்திலை திறமான கைராசி" எண்டு சொன்னவவாம். வெள்ளிக்கிழமை பின்னேரம் வரைக்கும் ஒருத்தருக்கும் காட்டாதை எண்டும் சொன்னவவாம். நீ வெள்ளிக்கிழமை காலமையே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயிட்டாய்.

தம்பி, அவ எனக்கு முந்தி வித்ததை நான் பொறுத்திருப்பன். நேரத்தை வெட்டி ஓடினதையும் பொறுத்திருப்பன், அது கெட்டித்தனம்தான், எனக்கு ஏன் வரேல்லை எண்டு எரிஞ்சிருப்பன், அவ்வளவுதான். ஆனால் என்ரை பிள்ளையின்ரை கையில் ராசி இருக்கெண்டு அவ கண்டுபிடிச்சிருக்கிறா. பதின்மூண்டு வருசம் உனக்குச் சோறு தீத்தி, நகம் வெட்டி, காய்ச்சலுக்குக் கை பிடிச்ச எனக்கு அது தோன்றேல்லை. நான் உன்ரை கையை ஒருக்காலும் எங்கடை கடைக்குக் கேக்கேல்லை. அண்டைக்கு எனக்கு வந்தது கோபம் இல்லை. அதுக்கு வேறை பேர்.

திங்கட்கிழமை கொப்பா வங்கிக்குப் போன நேரம், மெசின் அனுப்புற கொம்பனிக்குப் போன் எடுத்தன். மூண்டு நாளாக் குளியலறையில் சொல்லிப் பழகின இங்கிலீசு. "ஷொப் ஒப்பசிட். தேர்ஸ்டே செல். நொட் ஃப்ரைடே. ஐ ஹாவ் பில்." மற்றப் பக்கத்தில் இருந்தவன் ஒருதரமும் "பார்டன்" எண்டு கேக்கேல்லை. இந்த நாட்டில் நான் கதைச்ச இங்கிலீசில் அதுதான் பிழையில்லாமல் விளங்கினது. ரெண்டு நாளால் அவையின்ரை ஆள் வர, பில்லை அவன்ரை கையில் குடுத்தன். உன்ரை பையில் இருந்து எடுத்த பில்.

சறோவுக்குக் கடிதம் வந்தது. ஒருக்கால்தான், அதுவும் வீட்டுப் பிள்ளைக்கு, எங்கடை சம்பிரதாயம் எண்டெல்லாம் துஷாவைக்கொண்டு எழுதிப் பாத்தவ. அவங்களுக்குச் சம்பிரதாயம் விளங்குமோ. அடுத்த மெசினுக்கு, அதுவும் கிறிஸ்மசுக்கு முதல், அவவுக்கு ஒரு பெட்டியும் வரேல்லை. அவவுக்கு வரவேண்டிய பெட்டியள் எனக்கு வந்தது. பிள்ளையள் ஒரு நாளும் பொறுக்காதுகள். அவவின்ரை கண்ணாடிக்கு முன்னாலை வந்து, வெறுமையைப் பாத்திட்டு, திரும்பி என்னட்டை வருங்கள். நான் ஒரு குளிர்காலம் முழுக்க அதைப் பாத்துக்கொண்டு நிண்டனான். எனக்கு நல்லாத்தான் இருந்தது. பொய் சொல்லேல்லை.

கொப்பா ஒருநாள் சாப்பிடேக்கை, "ஆர் உதைக் கொம்பனிக்குச் சொல்லியிருப்பினம்?" எண்டு கேட்டவர். நீயும் மேசையில் இருந்தனீ. நான் கறியைப் போட்டுக்கொண்டே, "வேறை ஆர், பள்ளிக்கூடத்துப் பெடியள்தான். கொண்டுபோய்க் காட்டினால் வீட்டிலை போய்ச் சொல்லுங்கள்தானே" எண்டு சொன்னன். நீ சோத்தை விட்டிட்டு எழும்பிப் போனாய். கொஞ்ச நேரத்தால் வந்து குசினி வாசலில் நிண்டு, "நான்தான் காட்டினனான் அம்மா" எண்டு அழுதாய். அப்ப நான் சொல்லியிருக்கலாம். உன்ரை தலையைத் தடவி, "சரி, இனிக் காட்டாதை. போய்ப் படி" எண்டு சொன்னன். சறோவுக்கு நான் செய்ததைக் கோபத்தில் செய்தன் எண்டு சொல்லித் தப்பலாம். இதைக் கோபத்தில் செய்யேல்லை.

அடுத்த வருசம் சறோ கடையைக் குடுத்திட்டுப் பிறம்ரனில் ஒரு பெரிய வெயாஹவுசில் பெட்டி கட்டப் போனவ. மூண்டு பேரோடை ஒரு காரில், விடியப் போய்ப் பின்னேரம் வருவா. கடை குடுத்த நாள் கவுண்டரில் காட்சிக்கு வைச்சிருந்த மெசினை உனக்குத் தந்து, "நீ ஒரு பிழையும் செய்யேல்லை ராசா, மாமிதான் உன்னட்டைத் தந்திருக்கக் கூடாது" எண்டு சொன்னவ. நான் எதிர்ப்பக்கத்தில் நிண்டு கேட்டனான். நீ செய்யாத பிழைக்கு அவ உன்னை மன்னிச்சவ. அந்த மன்னிப்புக்காக நீ இவ்வளவு காலமும் அவவைச் சுத்தித் திரியிறாய். தீபாவளிக்கு முதல் அவ வீடு, பிறகுதான் என்ரை வீடு. சின்னவளுக்குப் பேர் வைக்கேக்கையும் அவவைக் கேட்டனீ. ஒவ்வொருதரமும் எனக்குப் பத்திக்கொண்டு வரும். வாயைத் திறந்தால் எல்லாத்தையும் சொல்லவேண்டி வரும், அதனாலை திறக்கேல்லை. பிள்ளை இன்னொருத்தியைப் பெரிசாக் கொண்டாடுறதைத் தாய் பாத்துக்கொண்டு நிக்கவேண்டி வந்தது, தாய் செய்த வேலையாலை.

கொப்பாவும் இதை அறியாமல்தான் கண்ணை மூடினவர். அவருக்குச் சொல்ல எனக்கு எத்தினையோ நாள் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கேக்கை, "சறோவை ஒருக்காப் பாத்துக்கொள்" எண்டு சொன்னவர். நான் "ஓம்" எண்டு சொன்னன். நான் எப்பிடிப் பாத்துக்கொண்டன் எண்டு அவருக்குத் தெரியாது.

இப்ப நீ செய்யாத குற்றத்துக்குப் பரிகாரமா வேலையை விட்டு, கடையில் பெரிய பங்கைத் துஷாவின்ரை பேரில் எழுதப் போறாய். எழுதக்கூடாது எண்டு நான் சொல்லேல்லை. துஷா கெட்டிக்காரி, உனக்கும் இந்த வேலையில் சின்ன வயசில் இருந்து விருப்பம். கடை நல்லா வரும். ஆனால் எதுக்காக எழுதுறாய் எண்டு தெரிஞ்சு எழுது. உனக்குப் பிடிச்சதாலை செய், அவளிலை நம்பிக்கை இருக்கிறதாலை செய். அந்த வெள்ளை மெசினுக்காகச் செய்யாதை. அந்தக் கணக்கில் உன்ரை பேர் இல்லை.

புதன்கிழமைக்கு முதல் ஒருநாள் விட்பிக்குப் போய் இந்தக் கடிதத்தைச் சறோவுக்கு வாசி. இப்ப அவவுக்குக் கண் மங்கல் எண்டு கேள்விப்பட்டன், சத்தமா வாசி. என்னைக் காப்பாத்த ஒரு வரியையும் விடாதை. அவவின்ரை திட்டத்தில் நான் பிடிச்ச பிழையளையும் வாசி. அதுகள் பிழைதான். நாலாம் சடங்குக் கதையையும் வாசி, அவ மறந்திருப்பா, நான் மறக்கேல்லை எண்டு தெரியட்டும். நான் அவவிட்டை மன்னிப்புக் கேக்கிறன் எண்டு நீயாச் சேர்த்துச் சொல்லாதை. கேக்கிறதெண்டால் நான் நேரில் கேப்பன். எனக்கு அந்தச் சொல் இன்னும் வாயில் வரேல்லை. கடிதத்தைக் கேட்ட பிறகு துஷாவைக் கையெழுத்துப் போட வேண்டாமெண்டு அவ சொன்னால் நீ வாதாடாதை. அது என்ரை பிழைக்கு வந்தது, உனக்கு வந்தது இல்லை.

கடை திறக்கிற வெள்ளிக்கிழமைக்கு நீ என்னை வரச்சொன்னனீ. நீ கூப்பிட்டதுக்கு நான் வரமாட்டன். துஷா கூப்பிட்டாலும் வரமாட்டன். சறோ தன்ரை வாயால் கூப்பிட்டால் மட்டும் வருவன். வந்தால் எனக்குக் கதிரை போட்டு மூலையில் இருத்தாதை, கவுண்டரில் நிக்க விடு. கூப்பிடாமல் விட்டால் அது அவவின்ரை உரிமை. ஏனெண்டு நீயும் கேக்கக்கூடாது. அண்டைக்கு நான் வீட்டில் இருப்பன். பின்னேரம் போன் எடுத்து எத்தினை மெசின் போச்சுது எண்டு மட்டும் சொல்லு. அதில் எத்தினை அவ வித்தவ எண்டு சொல்லவேண்டாம்.

அம்மா